எவ்வாறு அடைத்தார்கள் என்னும் வினா: இந்திய உச்ச நீதிமன்றத்தில் கைதிகள் தொடுத்த வழக்குகள், 1950–1980

முன்னுரை

சிறையில் இருக்கும் ஒருவர் நீதிமன்றத்தின் முன் இருவகை வினாக்களை எழுப்ப இயலும். என்னை ஏன் அடைத்தீர்கள் என்பது ஒன்று. என்னை எவ்வாறு அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பது மற்றொன்று. இந்தியச் சட்ட வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் முதல் வினாவின் வழியே சென்றுள்ளனர். 1950இன் கோபாலன் வழக்கு, 1976இன் ஜபல்பூர் வழக்கு, 1978இன் மேனகா காந்தி வழக்கு ஆகிய மூன்றும் அவ்வரலாற்றின் படிக்கற்களாகக் காட்டப்படுகின்றன. இரண்டாம் வினாவுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் பெயர் பெறாத கைதிகளின் மனுக்களாலும் கடிதங்களாலும் ஆனது. முதல் வினா தோற்றுப்போன காலத்திலும் இரண்டாம் வினா வென்றிருக்கிறது. இரண்டாம் வினாவுக்கும் கதவடைக்கப்பட்ட காலம் ஒன்றும் இருந்தது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

சொல் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. தமிழில் ‘கைதி’ என்னும் ஒரே சொல் மூவகையினரைக் குறிக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர் தண்டனைக் கைதி. வழக்கு முடியாமல் காத்திருப்பவர் விசாரணைக் கைதி. குற்றச்சாட்டே இல்லாமல், இனிமேல் ஏதேனும் செய்துவிடக்கூடும் என்ற ஐயத்தால் அடைக்கப்பட்டவர் தடுப்புக் காவல் கைதி. வகுப்பறையில் இம்மூன்றையும் மாணவர் குழப்பிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீதிமன்றங்களும் சில வேளை குழப்பிக்கொண்டுள்ளன என்பது பின்னர்ப் புலப்படும்.

சேலமும் கோபாலனும்

இந்திய அரசியலமைப்பு 1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதினாறே நாள்கள் கழித்து, பிப்ரவரி 11ஆம் நாள், அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம் மத்தியச் சிறையில் காவலர்கள் சுட்டதில் 22 பொதுவுடைமைக் கட்சிக் கைதிகள் மாண்டனர். அடிப்படை உரிமைகள் என்னும் பகுதி சிறைச் சுவருக்குள் நுழையுமா என்ற ஐயம் அவ்வகையில் அரசியலமைப்போடு உடன்பிறந்த ஐயம் எனலாம்.

அதே மாநிலத்தில் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தவர் ஏ.கே. கோபாலன். தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் 1950 மார்ச் 1ஆம் நாள் அவருக்குப் புதிய ஆணை வழங்கப்பட்டது. அதனை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார், எம்.கே. நம்பியார் அவருக்காக வாதிட்டார். மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அடைக்கப்பட்டதற்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடத் தடைவிதித்த 14ஆம் பிரிவு மட்டும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஏனைய சட்டம் நிலைத்தது. உயிர், உடல் சுதந்திரம் பற்றிய 21ஆம் உறுப்புக்குப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறிய விளக்கம் குறுகியது. சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா எனப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்பதே அதன் சாரம். ‘ஏன்’ என்னும் வினா இவ்வாறு தோற்றது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தடுப்புக் காவல் கைதியின் வழக்குகள் இத்தீர்ப்பின் நிழலிலேயே நடந்தன.

ஒரு கையெழுத்துப்படியின் வழக்கு

இரண்டாம் வினா உச்ச நீதிமன்றத்தில் வென்ற தொடக்ககால நிகழ்வு வியப்பானது. அது அடி உதை பற்றியதன்று. ஓர் அறிவியல் நூல் பற்றியது. 1962இன் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் பம்பாய் மாவட்டச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பிரபாகர் சன்ஸ்கிரி, அணுவின் உள்ளமைப்பைப் பற்றி மராத்தியில் ஒரு நூல் எழுதினார். எழுத அரசு இசைவளித்திருந்தது. நூலை வெளியிடும்பொருட்டுக் கையெழுத்துப்படியை வெளியே அனுப்ப வேண்டியபோது அரசு மறுத்தது. இயற்பியல் நூலில் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் செய்தி ஏதும் உண்டென்று அரசு வாதிடவில்லை. அதன் வாதம் வேறு. தடுப்புக் காவலில் உள்ளவருக்குச் சிறை நிபந்தனைகள் எவற்றைச் சலுகையாக வழங்குகின்றனவோ அவை மட்டுமே உண்டு; நூல் வெளியிடுதல் அப்பட்டியலில் இல்லை; ஆகவே அனுமதி இல்லை என்பதே அவ்வாதம்.

பம்பாய் உயர் நீதிமன்றம் கைதியின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீட்டை 1965 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. நீதிபதி கே. சுப்பா ராவ் வழங்கிய தீர்ப்பு அரசின் வாதத்தைத் தலைகீழாகத் திருப்பியது. நிபந்தனைகள் என்பன சலுகைகளின் பட்டியல் அல்ல, கட்டுப்பாடுகளின் பட்டியல். அப்பட்டியலில் தடுக்கப்படாத அனைத்தும் கைதியிடமே எஞ்சி நிற்கின்றன என்றது.

இத்தீர்ப்பு பெரிதும் பேசப்படுவதில்லை. பின்னர் வந்த சிறை உரிமை வழக்குகள் அனைத்துக்கும் விதை இதுவே என்பது என் கருத்து. ஒருவரைச் சிறைக்குள் அனுப்பும்போது அவருடைய உரிமைகள் எல்லாம் வாயிலில் களையப்பட்டு, பின்பு ஒவ்வொன்றாகக் கருணையால் திருப்பித் தரப்படுகின்றனவா? அல்லது உரிமைகளோடே அவர் உள்ளே செல்கிறாரா; எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு அரசுதான் சட்டம் காட்ட வேண்டுமா? முன்னது காலனியச் சிறையாட்சியின் கொள்கை. பின்னதைக் கைதிக்குப் பெற்றுத் தந்தது ஓர் அணுவியல் நூல். அதுவும் நெருக்கடி நிலை அறிவிப்பு நடப்பில் இருந்த காலத்தில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1974இல் விசாகப்பட்டினம் மத்தியச் சிறையிலிருந்த நக்சலைட் இயக்கத்தினர் தொடுத்த வழக்கு இவ்வெற்றியின் எல்லையையும் காட்டியது. சிறையைச் சுற்றி ஆயுதக் காவலரை நிறுத்தியதையும், மதில்மேல் மின்சாரம் பாயும் கம்பி அமைத்ததையும் அவர்கள் எதிர்த்தனர். தண்டனை பெற்றதனாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதினார். ஆயினும் தப்பிச் செல்ல முயல்வோரை மட்டுமே அக்கம்பி தீண்டும் என்று கூறி மனு தள்ளப்பட்டது. கொள்கை கைதிகளுக்கும் கம்பி சிறைக்கும் கிடைத்தன.

இரு வினாக்களும் அடைபட்ட ஆண்டு

1975 ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது, மிசா சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனு தொடுக்கலாமா என்பது வழக்காயிற்று. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், முடியாது என்றது. ஐவருள் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று விசாரணையின்போது அவர் கேட்டதும், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் விடையிறுத்ததும் பலரும் அறிந்தவை. அவ்விடையில் ‘ஏன்’ மட்டுமன்றி ‘எவ்வாறு’ என்பதும் அடங்கிவிட்டது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி எம்.எச். பேக், தடுப்புக் காவலில் உள்ளோர் நல்ல உறைவிடமும் உணவும் பெற்று ஏறத்தாழத் தாயின் பரிவுடன் பேணப்படுகின்றனர் என்னும் பொருள்பட எழுதினார்.

அத்தீர்ப்புக்குச் சுமார் மூன்று மாதங்களுக்கு முன்னர் சென்னை மத்தியச் சிறையில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் அடைக்கப்பட்ட அக்கட்சியினர் பிப்ரவரித் தொடக்கத்தில் சிறைக்குள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். 2021இல் தமிழ்நாட்டு முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அவர்களுள் ஒருவர். முன்னாள் சென்னை மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு மற்றொருவர். அவர் 1977 ஜனவரியில் உயிரிழந்தார்.

அதே ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பானுதாஸ் கவடே வழக்கில் தீர்ப்பளித்தது. மிசா கைதிகள் சிலர், தங்களை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்கவில்லை. அவ்வாறு கேட்க இயலாதென்பது முடிவாகிவிட்டது. சிறையில் தங்கள்மேல் சுமத்தப்பட்ட நிபந்தனைகளை மட்டுமே எதிர்த்தனர். சன்ஸ்கிரி சென்ற வழி அதுதான். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக அளித்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது. காவலின் நிபந்தனைகளைப் பற்றியும் இக்காலத்தில் கேட்க இயலாது என்பதே அதன் பொருள்.

சென்னைச் சிறை நிகழ்வுகளை ஆராய 1977இல் அமைக்கப்பட்ட ஆணையத்திற்கு நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமை தாங்கினார். கம்பராமாயண ஆய்வாளராக நம் தமிழாசிரியர்கள் நன்கறிந்த அதே இஸ்மாயில்தான் இவர். கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என அவ்வாணையம் கண்டது. நீதிமன்றத்தின் முன் மனுவாக வந்திருக்க வேண்டியது, ஆட்சி மாறிய பின்னர் ஆணைய அறிக்கையாக வந்தது. மனுவுக்கும் அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. மனு கைதி உள்ளே இருக்கும்போதே அவரைக் காக்கக்கூடும்.

திகார்: நீதிபதிகள் சிறைக்குச் சென்றது

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தில்லி திகார் சிறையிலிருந்து இரண்டு மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தன. மனுதாரர் இருவரும் அரசியல் கைதிகள் அல்லர். பொதுமக்களின் இரக்கத்திற்கு உரியவர்களும் அல்லர். சுனில் பத்ரா கொலையும் கொள்ளையும் புரிந்ததாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். சார்லஸ் சோப்ராஜ் 1976 ஜூலையில் கைதான வெளிநாட்டவர். பத்ரா தம்மைத் தனிக்கொட்டடியில் வைத்திருப்பதை எதிர்த்தார். சோப்ராஜ் இரவும் பகலும் கழற்றப்படாத இரும்புக் கால்விலங்கை எதிர்த்தார். தாம் குற்றமற்றவர் என்று நிறுவ இம்மனுக்களில் எவரும் முயலவில்லை.

பத்ராவின் மனுவை முதலில் கேட்ட அமர்வு 1978 ஜனவரியில் திகாருக்கே நேரில் சென்று பார்வையிட்டது. மூவர் கொண்ட அவ்வமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போது தலைமை நீதிபதியாகியிருந்த பேக். தாயின் பரிவு பற்றி எழுதியவர் இப்போது கொட்டடியைக் கண்ணால் கண்டார். உடன் சென்ற இருவருள் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், மற்றவர், கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவரான பி.எஸ். கைலாசம். அவர்களது பார்வைக் குறிப்பு வழக்கின் ஆவணங்களுள் சேர்க்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் நாள் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு வந்து, சட்டம் காட்டும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. கோபாலன் வழக்கின் குறுகிய விளக்கம் அத்துடன் கைவிடப்பட்டது.

பத்ரா வழக்கு பின்னர் ஐவர் அமர்வுக்குச் சென்று 1978 ஆகஸ்டு 30ஆம் நாள் தீர்க்கப்பட்டது. சிறை நிருவாகம் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 30(2)ஆம் பிரிவைக் காட்டியது. மரண தண்டனைக் கைதியைப் பிற கைதிகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில், இரவு பகல் காவலுடன் வைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டி.ஏ. தேசாயின் வாதம் எளிமையும் உறுதியும் கொண்டது. தனிமைச் சிறை என்பது அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 73, 74ஆம் பிரிவுகளின்கீழ் நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தனித் தண்டனை. நீதிமன்றமே விதித்தாலும் மொத்தம் மூன்று மாதங்களையும், ஒரு தடவைக்குப் பதினான்கு நாள்களையும் தாண்டலாகாது. நீதிமன்றத்திற்கே இத்தனை கட்டுப்பாடு இருக்க, சிறைக் கண்காணிப்பாளர் எல்லையின்றி அதனை விதிப்பதெங்ஙனம்? மேலும், மேல்முறையீடும் கருணை மனுவும் முடிந்து தண்டனை இறுதியாகும்வரை ஒருவர் அப்பிரிவு சுட்டும் ‘மரண தண்டனைக்கு உள்ளான கைதி’ ஆகமாட்டார் என்றும் தீர்ப்பு கூறியது.

விலங்கு பற்றிய 56ஆம் பிரிவு செல்லாதென அறிவிக்கப்படவில்லை. ஆயினும் காரணம் காட்டாமல், கால வரம்பின்றி, இராப்பகலாக விலங்கிடுவது சட்டத்துக்கு அடங்காது என்று முடிவாயிற்று.

கிருஷ்ணய்யர் தனித் தீர்ப்பு எழுதினார். அவரது ஆங்கில நடை ஆடம்பரமானது. சட்ட மாணவர்கள் அகராதியுடன் படிக்க நேர்வது உண்மை. ஆயினும் சிறையைப் பற்றி அவர் எழுதியதில் நேரறிவு இருந்தது. பாலக்காட்டில் பிறந்து தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது, பொதுவுடைமைக் கட்சியினருக்குச் சட்ட உதவி புரிந்தார் என்று 1948இல் ஒரு மாதம் அவரே சிறையில் இருந்தவர். 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. கம்பிகளின் இருபுறமும் நின்றவர் எழுதிய தீர்ப்பு அது.

பிறர் பொருட்டு எழுதிய கடிதம்

பத்ராவின் பெயரால் வழங்கும் இரண்டாம் வழக்கே இவ்வரலாற்றில் முதன்மையானது என்று கருதுகிறேன். தனக்கென வழக்காடி வென்ற அந்த மரண தண்டனைக் கைதி, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அது தம்மைப் பற்றியதன்று. மற்றொரு கைதியைக் காண வரும் உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காகச் சிறைக் காவலர் ஒருவர் அக்கைதியைக் கொடுமையாகத் தாக்கி, ஆசனவாயில் கோலைச் செலுத்திக் காயப்படுத்தினார் என்பதே கடிதத்தின் செய்தி. முத்திரைக் கட்டணமில்லை, வழக்கறிஞரில்லை, உறுதிமொழிப் பத்திரமில்லை. நீதிமன்றம் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. அதுவரை ஆட்கொணர்வு மனுவின் பயன் ஆளை விடுவிப்பது என்றே கொள்ளப்பட்டது. இங்கு விடுதலையை எவரும் கேட்கவில்லை. சிறையிலேயே இருக்கட்டும், ஆனால் மனிதனாக இருக்கட்டும் என்பதற்கு அப்பேராணை பயன்பட்டது.

நீதிமன்றம் ஒய்.எஸ். சித்தலே, முகுல் முத்கல் ஆகிய இரு வழக்கறிஞர்களைத் தனக்கு உதவுவோராக அமர்த்தி, சிறைக்குள் சென்று அக்கைதியைக் காணவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளை விசாரிக்கவும் அதிகாரம் அளித்தது. காயத்தை மறைக்க முயற்சி நடந்தது வெளிப்பட்டது. அது மூலநோயால் வந்தது, தானே ஏற்படுத்திக்கொண்டது என்றெல்லாம் விளக்கங்கள் கூறப்பட்டிருந்தன. நீதிபதிகள் அவற்றை ஏற்கவில்லை; கைதி கொடுமைக்குள்ளானது உண்மை எனக் கண்டனர். காவலரின் குற்றம் பற்றிய விசாரணை தனியே நடந்தமையால் அதன்மேல் முடிவு கூறாது விட்டனர்.

1979 டிசம்பர் 20ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பின் கட்டளைகள் நடைமுறை சார்ந்தவை. நீதிமன்றங்கள் நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளை நேர்கண்டு, அவர்கள் கூறுவதைப் பிறர் அறியாவண்ணம் கேட்க வசதி செய்தல். சிறைக்குள் குறைதீர்ப்புப் பெட்டி வைத்தல். மாவட்ட நீதிபதிகள் காலந்தோறும் சிறைக்குச் சென்று பார்த்தல். தனிக்கொட்டடி முதலிய கடுந்தண்டனைகளுக்கு அமர்வு நீதிபதியின் ஆய்வைப் பெறுதல். கைதியின் உரிமைகளைக் கூறும் கையேட்டை இந்தியில் வெளியிடுதல் ஆகியன அவற்றுள் சில. பெட்டியும் கையேடும் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பத்ராவின் கடிதம் எவ்வாறோ வெளியே வந்தது என்பதாலேயே அவ்வழக்கு இருந்தது. எழுதத் தெரியாதவரின் குறையும் வெளியே வருவதற்கு ஒரு வழி வேண்டும் என்பதே அக்கட்டளைகளின் உட்கிடை.

இழப்பீடு

ஒரு குறைபாட்டையும் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவில் கைதி ஒருவர் 1871ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் அதிகாரிமேல் உரிமையியல் வழக்குத் தொடுத்துப் பணமாக இழப்பீடு கேட்க முடியும். இந்தியக் கைதியின் கடிதம் அதனினும் எளிய வழி. ஆனால் அது நெடுங்காலம் பணமாக எதனையும் பெற்றுத் தரவில்லை. திகாரில் காயமுற்ற கைதிக்கு இழப்பீடு என ஒன்று அத்தீர்ப்பில் இல்லை. 1968இல் விடுவிக்கப்பட்ட பின்னரும் பீகார்ச் சிறையில் 14 ஆண்டுகள் கிடந்த ருதுல் சாவுக்கு 1983இல் மொத்தம் 35,000 ரூபாய் வழங்கியதே உச்ச நீதிமன்றத்தின் தொடக்கம். காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் ஒருவர் எழுதிய கடிதத்தின்மேல் 1993இல் ஒன்றரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது.

நம் நாட்டு வாசகருக்கு இங்கு ஒரு வழக்கு நினைவுக்கு வரும். 1998இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 57 நாள்கள் அடைக்கப்பட்ட அப்துல் மாலிக் ஹுசின் தொடுத்த வழக்கில், காவலில் தாக்கப்பட்டதை ஏற்று 2007 அக்டோபரில் உயர் நீதிமன்றம் 25 இலட்சம் ரிங்கிட் வழங்கியது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

இந்தியாவில் சிறை என்பது மாநிலங்களின் பொறுப்பு. அதனால் கட்டளைகள் ஒவ்வொரு மாநிலத்தின் சிறைக் கையேட்டிலும் தனித்தனியே நுழைய வேண்டியுள்ளது. 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலையும் அறையும் பிரிக்கும் விதிகளைச் செல்லாதென அறிவித்து, மூன்று மாதங்களுக்குள் திருத்துமாறு ஆணையிட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் ஏற்றுக்கொண்டிருந்ததும் அதில் ஆராயப்பட்டது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், விசாகப்பட்டினம் வழக்கில் தீர்ப்பெழுதியவரும் ஜபல்பூர் வழக்கில் பெரும்பான்மையோடு நின்றவருமான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். மனு ஒரு பத்திரிகையாளர் தொடுத்தது. பத்ராவின் தீர்ப்பு வந்து அப்போது ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.